சதை ஏற்றும் நான்கு மருந்துகள்: வாசல் ஒன்று, விளைவு வேறு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஜிம்முக்குப் போகிறவருக்கும் பன்றி வளர்ப்பவருக்கும் கேள்வி ஒன்றுதான்: எதைக் கொடுத்தால் சதை ஏறும்? அடிபடும் பெயர்கள் க்ளென்பூட்டரால், சால்பூட்டமால், ராக்டோபமைன், சில்பட்டெரால். நான்குமே பீட்டா அகோனிஸ்ட் குடும்பம், அதாவது செல்லின் பீட்டா ஏற்பியைத் தூண்டும் மருந்துகள்.

உள்ளே நுழையும் வாசலும் ஒன்றே. தசைச் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பி என்ற புரதத்தில் மருந்து ஒட்டியதும், செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடும். அது பிகேஏ நொதியை எழுப்ப, பிகேஏ போய் கிரெப் புரதத்தைத் தூண்டும், மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். எலிக்கு ஒருமுறை கொடுத்தாலே சில மணி நேரத்தில் என்ஆர்4ஏ3 மரபணு துள்ளி எழுகிறது. இன்னொரு பக்கம் ஏகேடி, எம்டோர் என்னும் புரதங்கள் வழியே போகும் சேதிப் பாதை புரதம் கட்டுவதை முடுக்குகிறது. சதையைக் கரைக்கும் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 மரபணுக்கள் அடங்குகின்றன. புதிய உட்கரு பெரிதாகச் சேர்வதில்லை. இருக்கும் நார்தான் பருக்கிறது, அதிலும் வேக வகை நாரின் பங்கு கூடுகிறது.

மனிதர் தொடும் இரண்டை முதலில் பார்ப்போம். சால்பூட்டமாலின் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், 4 முதல் 6 மணி. க்ளென்பூட்டராலுக்கு ஏறக்குறைய 35 மணி நேரம். நேற்றுப் போட்டது இறங்குவதற்குள் இன்றையது மேலே ஏறி உட்காரும். சதை ஏற்றுவதில் க்ளென்பூட்டராலுக்குப் பெயர் வந்தது எலிகளால்தான். அங்கேதான் கணக்கு இடறுகிறது. மூச்சுத்திணறும் குதிரைக்கு அளவு கிலோவுக்கு 0.8 மைக்ரோகிராம், 400 கிலோ குதிரைக்கு ஒரு வேளை 320. எலிச் சோதனைகளில் சகஜமான அளவோ கிலோவுக்கு 2 மில்லிகிராம். 200 கிராம் எலிக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். குதிரையின் ஒரு வேளை மருந்தைவிட எலிக்கு அதிகம்! மனிதர் அந்த அளவை எட்டுமுன்பே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். மில்லியையும் மைக்ரோவையும் குழப்பினால் 1000 மடங்கு பிசகு. போட்டிக்குப் போகிறவர் என்றால் க்ளென்பூட்டரால் எப்போதும் தடை. சால்பூட்டமாலுக்கு இன்ஹேலரில் மட்டும் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக்கூடாது. ஆஸ்துமா இல்லாதவருக்கு இரண்டுமே வேண்டாத வேலை.

தீவனத்தில் போடுபவை மற்ற இரண்டும். ராக்டோபமைனைப் பன்றிக்கு அமெரிக்கா 1999-இல் அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீனாவிலும் தடை. தீவனத்தில் குறைந்தது 16 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஓட்டல் மிச்சத்தை ஊற்றி வளர்க்கும் பண்ணையில் புரதத்தை யார் அளக்கிறார்கள்? கட்டச் செங்கல் இல்லாமல் மேஸ்திரியை விரட்டுகிற கதைதான். மாட்டுக்கான சில்பட்டெரால் வீரியம் கூடியது, அறுப்பதற்கு முந்தைய கடைசி 20 முதல் 40 நாள் மட்டும் கொடுப்பது. சதை ஏறும், ஆனால் கறி முரடாகும். காரணமும் அதே மரபணுக் கதைக்குள் இருக்கிறது: கால்பஸ்டாடின் என்ற புரதம் கூடி கால்பெயின் நொதியைக் கட்டிப்போடுகிறது. அறுத்த பிறகு கறியை மென்மையாக்க வேண்டியது அந்தக் கால்பெயின்தான்.

நாள் கூட்டினால் பலன் கூடாது. மருந்து தொடர்ந்து தட்டத் தட்ட ஏற்பிகள் குறைந்துபோகும், வளர்ச்சி மந்தமாகும். இறுதிக் கட்டத்தில் மட்டும் கொடுப்பது அதனால்தான். ராக்டோபமைன் தின்ற பன்றிகள் ஏற்றி இறக்கும்போது களைத்து விழலாம் என்று அதன் லேபிளே எச்சரிக்கிறது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் லாரி ஏற்றுகிறவர் அந்த வரியை இருமுறை படிக்கட்டும்.

கறியில் தங்கும் மருந்து மிச்சத்தில் மோசம் க்ளென்பூட்டரால். ஈரலிலும் கண்ணிலும் முடியிலும் தங்கும், கொதிநீரில் சிதையாது. 1990-இல் ஸ்பெயினில் மாட்டு ஈரல் தின்று 135 பேர் நடுக்கமும் படபடப்புமாகப் பாதிக்கப்பட்டார்கள். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாலும் ஈரலில் இருப்பது இருக்கும்.