மதுரையில் எடுத்த இரண்டு எக்கோ

டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு மதுரை வந்ததும், பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கும் அப்பாவுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் எக்கோவை (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வீட்டருகே ஒரு ஸ்கேன் மையத்தில் எடுத்தோம். முன்பதிவு கேட்கவில்லை, காலையில் போய், மதியச் சாப்பாட்டுக்குள் ரிப்போர்ட்டோடு திரும்பிவிட்டோம். டொராண்டோவில் வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவனுக்கு இது பெரிய வசதி.

சிக்கல் எண்ணில் இருந்தது. வால்வைக் கடக்கும் இரத்தத்தின் உச்ச வேகம் சென்ற ஆண்டு வினாடிக்கு 4.1 மீட்டர்; இம்முறை 3.5. நான்கைத் தொட்டால் கடுமையான சுருக்கம் என்பது கணக்கு என்பதால், ரிப்போர்ட்டில் ‘மிதமானது’ என்று அச்சாகியிருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் கால்சியம் படிந்து இறுகிய வால்வு தானாக இளகுவதில்லை. இதயத்தின் விசை தளர்ந்தாலும் வேகம் குறையும் என்றாலும், அப்பாவுக்கு விசை முன்போலவே இருந்தது.

எக்கோவில் இரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறையில் ஒலிக்கற்றை இரத்தம் பாயும் திசையிலேயே செல்ல வேண்டும். 30 டிகிரி விலகினால் வேகம் 13 சதவீதம் குறைவாகத் தெரியும். வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டை வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிக் கணக்கிடுவதால், அது 25 சதவீதம் குறைந்துவிடும். மையத்தில் வெளியே கூட்டம் நெருக்க, இடது மார்பின் கீழ்ப்புறத்தில் மட்டும் ப்ரோபை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியை, வைத்து முடித்துக்கொண்டார்கள். கருவியைக் குறை சொல்ல ஏதுமில்லை. அது புத்தம் புதியது.

பிறகு பார்த்த இதய மருத்துவர் தாமே எக்கோ எடுத்தார். அப்பாவை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, படம் காட்டாத, பேனா போன்ற மெல்லிய ப்ரோபை மார்பெலும்பின் வலது ஓரத்தில் வைத்து, கருவியிலிருந்து வரும் ஓசையைக் கேட்டபடியே இம்மி இம்மியாகச் சாய்த்தார். கரகரப்பு தெளிந்து கூர்மையான சீற்றமாக மாறிய இடத்தில் 4.2 வந்தது. வால்வின் பரப்பைக் கணக்கிட, அதற்குக் கீழுள்ள பாதையின் விட்டத்தை மூன்று முறை அளந்தார்; 2 செ.மீ. விட்டத்தை 1.8 என்று எடுத்தாலே பரப்பு 19 சதவீதம் சுருங்கிவிடுமாம்.

வால்வு மாற்றுவது பற்றிய பேச்சு அன்றே தொடங்கியது. 4.2 என்ற அளவு எந்த இடத்திலிருந்து கிடைத்தது என்பதையும், அப்போதைய இரத்த அழுத்தத்தையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அவர் கையால் எழுதிக் கொடுத்தார். மையத்தின் ரிப்போர்ட்டில் இவை இரண்டுக்கும் கட்டமே இல்லை.