பிளாங்கோ பக்கம் வீடு பார்க்கிறீர்களா? கரண்டைப் பற்றிக் கொஞ்சம்

டெக்சாஸின் ஆஸ்டினை விட்டு டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ், பிளாங்கோ, ஜான்சன் சிட்டி பக்கம் நிலத்தோடு வீடு பார்க்கிற நம்மவர்கள் பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள், இன்டர்நெட்டை விசாரிப்பார்கள். கரண்டை யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் வீடு பிளாங்கோவுக்கு வெளியே, போர்வெல் தண்ணீர். இங்கே கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். தொட்டி இல்லாவிட்டால் கைகழுவக்கூடத் தண்ணீர் வராது.

டெக்சாஸில் 2002 முதல் பல ஊர்களில் கரண்ட் கம்பெனியை நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் முடியாது, பெடர்னாலஸ் எலக்ட்ரிக் கோஆப்பரேட்டிவ் என்ற கூட்டுறவு சங்கம் ஒன்றுதான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. இணைப்பு வாங்கினால் நாமும் உறுப்பினர். வரவு செலவு போக மிஞ்சுவது நம் பெயரில் வரவு வைக்கப்பட்டு, பால் சொசைட்டி போனஸ் மாதிரி பின்னால் திரும்பி வரும்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. வந்த லைன்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பத்தடியில் ஒரு பாம்பு செத்துக் கிடந்தது; மேலே ஏறிக் கம்பியைத் தொட்டு ஃபியூஸை எரியவைத்திருக்கிறது. மஞ்சள் நிற ஃபைபர் கழியை ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டி, கீழே நின்றபடியே எரிந்துபோன ஃபியூஸ் குழலைக் கழற்றி இறக்கினார். புது ஃபியூஸ் போட்டு மேலே மாட்டியதும், "மேடம், கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க" என்றார். தீப்பொறி பறந்தால் கண்ணுக்கு ஆகாதாம். டக்கென்று ஒரு சத்தம், மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. பாம்பையும் அவரே அப்புறப்படுத்திவிட்டுப் போனார்.

மரம் வெட்ட வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். இங்கே ஓக் மரங்களுக்கு ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் உண்டு. வெட்டுக்காயத்துக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்பும். கம்பியைத் தொட்ட கிளையை வெட்டிய கையோடு, ஒவ்வொரு வெட்டுவாயிலும் பெயின்ட் அடித்தார்கள். யாரும் சொல்லாமலே செய்தார்கள்.

2021 பிப்ரவரி 15 விடியற்காலை நடந்தது வேறு கதை. மாநில கிரிட்டை நடத்தும் எர்காட், கடுங்குளிரில் கரண்ட் பற்றாமல், எல்லாக் கம்பெனிகளையும் லோடு குறைக்க, அதாவது வீடுகளுக்குக் கரண்டை நிறுத்தச் சொன்னது. 2023 தொடக்கத்தில் வந்த பனிப்புயலில் பனிக்கட்டி சுமந்த ஓக், சீடர் கிளைகள் ஒடிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. கோஆப்பரேட்டிவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இரண்டும் மறுபடி வரலாம் என்று நினைத்தே வீடு வாங்குங்கள்.

சோலார் விற்க வந்த ஒரு கம்பெனிக்காரர், பேனல் போட்டால் கரண்ட் போனாலும் வீடு ஓடும் என்று என் மாமியாரிடம் அடித்துச் சொன்னார். அவ்வளவும் பொய். பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் சோலார், லைன் செத்ததும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் கம்பியில் ஏறி, வேலை செய்கிற லைன்மேனைக் கொன்றுவிடும். ஜெனரேட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. வெளிக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகவே கூடாது.

1930களில் ஹில் கன்ட்ரி என்கிற இந்தக் குன்றுப் பகுதிப் பெண்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துச் சுமந்தவர்கள். லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் கம்பி இழுக்கவில்லை. மைலுக்கு மூன்று வீடாவது வேண்டும் என்றது அரசின் கிராம மின்மய அமைப்பு. இங்கே அதுவும் தேறாது. அப்போது எம்.பி.யாக இருந்த லிண்டன் ஜான்சன் (பின்னாளில் அதிபர் ஆனவர்) நேரே அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் போய் விதியைத் தளர்த்தச் செய்தார். 1938ல் இந்தக் கோஆப்பரேட்டிவுக்குக் கடன் கிடைத்தது: ஏறத்தாழ 2,900 குடும்பங்களுக்காக 1,830 மைல் கம்பி. எங்கள் மோட்டார் ஓடுவது அந்தக் கடனால்தான். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பற்று.

உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டால் இதுவும் கெடும். 2007ல் நிர்வாகத்தின் மேல் உறுப்பினர்களே வழக்குப் போட்டார்கள். பழைய பொது மேலாளரைப் பண முறைகேட்டில் குற்றவாளி என்று 2010ல் நீதிமன்றம் தீர்த்தது. இப்போது 7 தொகுதிகளிலிருந்து இயக்குநர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறோம். வாக்குச்சீட்டு வந்தால் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

சேவைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். முன்பணம் கொடுக்கும் முன் வீடு விற்பவரிடம் போர்வெல் எத்தனை அடி, தண்ணீர்த் தொட்டி எத்தனை கேலன், ஜெனரேட்டருக்கு சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் நிலம் என்றால் கடைசிக் கம்பம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். லைன் நீட்டும் செலவு தூரத்தோடு ஏறும்.