நீலகிரியில் சைக்கிள்: அமைதியான சாலைகளும் அங்கே கிடைக்கும் வசதிகளும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது சொந்த ரோடு பைக்கையும் கொண்டுவந்து நீலகிரியில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் உள்ள பஞ்சர் கடை, உதிரிபாகக் கடை, காற்றடிக்கும் இடம் எல்லாம் ஸ்கூட்டருக்கும் தேயிலை ஏற்றும் பிக்-அப்புக்கும் ஏற்பட்டவை. அவற்றோடு ஒத்துப்போகும்படி சைக்கிளைத் தயார் செய்து கொண்டுவந்தால் எங்கும் தவிக்க வேண்டியதில்லை.

டியூப் வால்விலேயே சிக்கல் தொடங்குகிறது. ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பஞ்சர் கடை கம்ப்ரசரின் முனை உட்காராது. பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே திருகி வையுங்கள். மற்றது பையில் இருக்கட்டும். ஸ்கூட்டருக்கு அடிக்கும் 30, 35 பிஎஸ்ஐ காற்று மெல்லிய டயருக்குப் போதாது என்பதால் கைப்பம்பும் வேண்டும். பழைய 28 அங்குல சைக்கிளின் டியூபைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். 35 மி.மீ. டயருக்குள் அது அடங்கும், ஆனால் அதன் வால்வு தடிமனானது. பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் நுழையாது. ரோடு பைக் சக்கர அளவான 700சி டியூப் மூன்றையாவது கோவையிலேயே வாங்கிவிட்டு ஏறுவது நல்லது.

ஹைட்ராலிக் பிரேக் என்றால் எந்த ஆயில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 ஆயில் ஊட்டி, குன்னூர் ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். மினரல் ஆயில் பிரேக்கில் அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் பேடு இரண்டு ஜோடி கூடுதலாக வேண்டும். ஈரமும் மண்ணும் சேர்ந்த இறக்கத்தில் ரெசின் பேடு சீக்கிரம் கரையும், உலோகத்தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேடு தாங்கும். விமானத்தில் பெட்டி அடிபட்டால் கியர் மாற்றும் பின் டீரெய்லரைப் பிடிக்கும் ஹேங்கர் வளைந்துவிடுகிறது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்கில் சிக்குவது அதனால்தான். மாற்று ஹேங்கர் உங்கள் மாடலுக்கென்றே வாங்க வேண்டியது, வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

கோவை விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிக்கும்போது நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) உண்டா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். டிஎன் 43 பதிவு உள்ள வண்டிக்குத் தேவையில்லை. ஏப்ரல், மே சீசனில் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக்கும்போது இரண்டு சாலையிலுமே வண்டிகளுக்கு இடைவெளி இருக்காது.

தங்குவதற்குக் கோத்தகிரிதான் சரியான இடம். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயர்கிறோம். சராசரி சரிவு நாலரை சதவீதம், நிதானமாக மிதித்தால் யாரும் ஏறலாம். ஆனால் குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். முன்னே பேருந்து நின்றுவிட்டால் நீங்களும் அதன் பின்னாலேயே நில்லுங்கள்.

அமைதி என்று பார்த்தால் கோத்தகிரி–கோடநாடு சாலை முதலிடம். ஒரு பக்கம் சுமார் 18 கி.மீ., ஏறி இறங்கித் தேயிலைக்குள்ளேயே போகும். முடிவில் காட்சி முனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். காலை பத்து மணிக்குப் பிறகு சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஊட்டிப் பக்கம் லவ்டேல், முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போகலாம். கேரட் அறுவடை நடந்தால் லாரிகளிலிருந்து சேறு வழிந்து சாலை வழுக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மஞ்சூரிலிருந்து தாய்சோலை வழியாகக் கிண்ணக்கொரை போகும் சாலை இவை எல்லாவற்றையும் விட ஆளரவமற்றது. அது அங்கேயே முடிகிறது, வந்த வழியே திரும்ப வேண்டும்; கடை குறைவு, சிக்னல் பல இடங்களில் இல்லை. காட்டுமாடு எதிர்ப்பட்டால் மணியடிக்காமல் அது கடக்கும்வரை நில்லுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையை அமைதியானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, கடும் சரிவு, கீழே முதுமலைக் காடு. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கி.மீ. மட்டுமே, அதற்கும் கடினமான கியர் உள்ளவர்கள் இறங்கித் தள்ள நேரும். இறக்கத்தில் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன், பின் என்று மாற்றி மாற்றி அழுத்திவிட்டு, இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சாலையோரக் குடிநீர் ஏடிஎம்மில் சொந்த பாட்டிலில் பிடித்துக்கொள்ள நாணயம் கையில் இருக்கட்டும். எந்திரம் பழுதாக இருந்தால் டீக்கடையில் காய்ச்சிய தண்ணீர் கேளுங்கள், தருவார்கள். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கத்தைத் தாக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரியும். ஜனவரியில் வானம் தெளிவு, ஆனால் விடியற்காலை உறைபனியில் ஊட்டிப் பள்ளங்கள் வழுக்கும். வெயில் ஏறட்டும்.

எஸ்டேட் குடியிருப்புகளில் நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். முதல் ஊசிக்குப் பிறகு மீதியை எந்தத் தேதியில் போட வேண்டும் என்று எழுதித் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிட்டால், வெளிநாட்டு மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.