பழைய கணினி, ஹாம் ரேடியோ: விண்டோஸ் 11-ஆ, மின்ட்டா?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுவிட்டது. செங்கோட்டையில் என் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) மேசையில் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும். கடைக்காரர், “அண்ணாச்சி, பேசாம புதுசு எடுத்துருங்க” என்றார். ராத்திரி கொஞ்ச நேரம் எஃப்டி8 (கணினி வழியாக ரேடியோவில் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) போடுவதற்குப் புதுசா?

ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துத் தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றலாம். புனலூர் நண்பர் அப்படித்தான் ஓட்டுகிறார். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி, ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிள். உள்ளே இருப்பது பழைய புரோலிஃபிக் சிப். விண்டோஸ் 10-இல் புது டிரைவர் போட்டாலே, ‘2012-ஓடு நிறுத்தியாச்சு, விற்றவரைக் கேளுங்கள்’ என்று டிவைஸ் மேனேஜர் கையை விரிக்கும்.

விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பைப் போட்டேன். அதே கேபிளைச் செருகினால் டிரைவர் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கேபிளைப் பயன்படுத்த அனுமதி உள்ள ‘டயல்அவுட்’ குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. 2029 வரை அப்டேட் வரும்.

விண்டோஸ், மின்ட் இரண்டையும் ஒரே கணினியில் வைப்பவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். மின்ட் வன்பொருள் கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், எஃப்டி8 அப்போதும் ஒழுங்காக ஓடும். அதில் ஒவ்வொருவர் முறையும் 15 விநாடி. ஐந்தரை மணி நேரம் அதில் மிச்சமில்லாமல் வகுபடுகிறதே! லாக்கில் (தொடர்புக் குறிப்பேட்டில்) நேரம் மட்டும் தப்பாகப் பதிவாகும். எதிர்முனைக்காரர் நேரத்தோடு 30 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எல்ஓடிடபிள்யூ-வில் (இருவர் லாக்கையும் ஒப்பிட்டு உறுதிசெய்யும் இணையச் சேவை) தொடர்பு உறுதியாகாது. மின்ட் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளை ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

குறை என்றால் என்1எம்எம் என்ற லாக் மென்பொருள். ஹாம் ரேடியோ போட்டிகளுக்கு அதை நம்பியிருப்பவர்கள் மின்ட்டுக்கு முழுசாக மாற வேண்டாம். அது விண்டோஸில்தான் ஓடும். அவர்கள் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரையிலான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதிந்துகொள்ளலாம். நான் பதியவில்லை. போட்டி நாளில் மட்டும் பழைய 10-ஐத் திறக்கிறேன், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு.