டிஜிகாமில் எட்டு வருடம்

அம்மாவின் கல்யாணப் படம் எங்கள் வீட்டில் இல்லை. 1990 இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை எடுக்க நேரமிருக்கவில்லை. அதற்குப் பிறகு சேர்ந்தவை கடற்கரையோரம் சித்தி வீட்டு அலுமாரியில் இருந்தன. 2004 சுனாமியோடு அவையும் போயின. இன்று என்னிடம் உள்ள பழைய படங்களில் பெரும்பாலானவை, எண்பதுகளில் இலங்கையிலிருந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் தபாலில் போன பிரதிகள்தான். மாமாக்கள் அவற்றை ஸ்கான் செய்து திருப்பி அனுப்பினார்கள். பேக்கப் என்ற சொல்லே தெரியாத காலத்துப் பேக்கப்.

அவற்றோடு கமரா, போன், வாட்ஸ்அப் என்று எல்லாம் சேர்ந்து இப்போது நாற்பதாயிரத்துச் சொச்சம். 2017 இலிருந்து டிஜிகாமில்தான் வைத்திருக்கிறேன். படங்களை ஒழுங்குபடுத்தித் தேட உதவும் இலவச, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

அதற்கு முன் பிக்காசா, கூகுளின் படத் தொகுப்பு மென்பொருள். கூகுள் 2016 மார்ச்சில் அதற்கான ஆதரவை நிறுத்தியது. நான் அதில் வருடக்கணக்காக உட்கார்ந்து முகங்களுக்குப் பெயர் போட்டிருந்தேன். கணினி மாற்றும்போது ஜேபெக் படக் கோப்புகளை மட்டும் தெரிவுசெய்து கொப்பி பண்ணிவிட்டு, பழைய டிஸ்க்கை அழித்துவிட்டேன். முகப் பெயர்கள் படத்துக்குள் இல்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. என் அவசரம், என் பிழை. ஆனால் படத்துக்குக் கீழே தட்டிய குறிப்புகள் மட்டும் தப்பின. காரணம், அவை ஜேபெக்குக்கு உள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

ஆகவே டிஜிகாமை நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்கள்) பக்கத்துக்குப் போய், குறிப்பு, டேக் (தேட உதவும் அடையாளச் சொல்), முகப் பெயர் எல்லாவற்றையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி மாற்றினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவதற்குச் சமம் இது. நாளைக்கு டிஜிகாமே இல்லாமல் போனாலும் எழுத்து படத்தோடு போகும். தமிழில் தாராளமாக எழுதலாம். இந்தத் தகவல்களை எழுதும் எக்ஸ்எம்பி என்ற வடிவம் யூனிகோடைத் தாங்கும். கமராக்கள் படத்தோடு பதியும் எக்ஸிஃப் தகவலில் உள்ள பழைய குறிப்புப் பகுதி ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துக்கென்று அமைந்தது, அதை மட்டும் வாசிக்கும் சில செயலிகளில் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம். வீடியோவுக்கு மட்டும் பக்கத்தில் தனி எக்ஸ்எம்பி கோப்பு வைத்திருக்கிறேன். கொப்பி பண்ணும்போது இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒருமுறை சூடுபட்ட பூனை நான், இப்போதெல்லாம் முழு ஃபோல்டராகத்தான் எடுப்பது.

உண்மையான வேலை மென்பொருளில் இல்லை, அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருவதில் இருக்கிறது. ஒரு படம்: தாழ்ந்த கட்டுக் கிணறுகள், சுற்றிவர ஈர உடுப்போடு பத்துப் பன்னிரண்டு பேர். திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்று என்று பார்த்ததும் தெரிந்தது. 'சுற்றுலா' என்று டேக் போட்டு வைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.

"ஆர் சொன்னது சுற்றுலா எண்டு? அப்பப்பான்ர அந்தியேட்டி, தம்பி. ஒருத்தரும் சிரிக்கேல்லையே, வடிவாப் பார்."

அந்தியேட்டி என்றால் இறந்தவருக்குச் செய்யும் கிரியை. அப்படியே அவவின் வசனத்தையே குறிப்பாக எழுதிவிட்டேன். ஆரம்பத்தில் நான் வளர்த்த முந்நூறு டேக் மரத்தை வெட்டி இப்போது ஆட்கள், இடம், நிகழ்வு என்று மூன்று கிளைதான் மிச்சம். தேடும்போது கைகொடுப்பது இந்த மாதிரிக் குறிப்புகள்தான்.

முகமறிதல் பற்றி. முதல் தடவை சில நூறு எம்பி தரவை இறக்கச் சொல்லும். என் நாலு ஜிபி ராம் மடிக்கணினியில் அது ஓடும்போது வேறு எதையும் திறக்க முடியாது. முழுத் தொகுப்பையும் 2022 இல், அந்த நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ஓடவிட்டேன். கரண்ட் வரும் நேரம் பார்த்து ஒரு வாரத்துக்கு மேல் போனது. இருபது வயது அம்மாவைத் தங்கச்சி என்று அடையாளம் காட்டியது. அதில் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

திகதிதான் தலையிடி. ஸ்கான் படத்தில் ஸ்கான் செய்த நாள்தான் இருக்கும். '1983 அளவில்' என்று திகதிப் பெட்டியில் எழுத முடியாது, மாதமும் நாளும் வேண்டும். நான் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு 'அளவில்' என்பதைக் குறிப்பில் சேர்க்கிறேன். விளைவு, எங்கள் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் புதுவருடத்தன்று கல்யாணம்.

பகிர்வதற்கு டிஜிகாம் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், உள்ளே எழுதியதும் கழன்றுவிடும். டொக்கியுமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் பெரியம்மா அதைத் திறக்கமாட்டா. அதனால் தெரிந்தெடுத்த இருநூறு படங்களைக் கூகுள் போட்டோஸில் பகிர்ந்த அல்பமாக வைத்திருக்கிறேன். 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றுபவை எல்லாம் ஜிமெயிலோடு சேர்ந்து அந்த இலவச 15 ஜிபிக்குள் கணக்காகும், ஆகவே எல்லாவற்றையும் ஏற்றுவதில்லை. "இது சின்னம்மா இல்லை, கொழும்பு மாமி" என்று ரொறன்ரோவிலிருந்து வரும் திருத்தங்கள் அங்கேயே நின்றுவிடும், என் கோப்புக்கு வராது. கையால் டிஜிகாமில் மாற்றி எழுத வேண்டும். அலுப்புத்தான்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று இங்கே திருகோணமலைக் கரையோர உப்புவெளியில், மற்றது உள்நாட்டில் வவுனியாவில் தங்கச்சி வீட்டில். கடலுக்குப் பக்கத்தில் இரண்டையும் வைக்க மனம் வரவில்லை.

'தெரியாது' என்று ஒரு டேக்கும் வைத்திருக்கிறேன். அதில் இப்போது 140 படங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமி சாப்பிட வருகிறா. மடிக்கணினியைச் சார்ஜில் போட்டு வைக்க வேண்டும்.