கடைக்காரர் சட்டமன்றம் போனால்: டெக்சாஸா, கலிஃபோர்னியாவா?

உன் தொழிலைப் பார்த்துக்கொண்டே சட்டமன்ற வேலையையும் பார் என்கிறது டெக்சாஸ். தொழிலை இன்னொருவரிடம் விட்டுவிட்டு முழுநேரமாக வா என்கிறது கலிஃபோர்னியா. உள்ளூரில் ஓட்டலோ ஹார்டுவேர் கடையோ நடத்தும் ஒருவருக்கு எது ஒத்துவரும்? டெக்சாஸ்தான் என்று சட்டென்று தோன்றும். கணக்குப் போட்டால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

டெக்சாஸில் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான் வழக்கமான கூட்டத்தொடர். அதிகபட்சம் 140 நாள். சம்பளம் மாதம் 600 டாலர். 1975-ல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட தொகை, இன்றுவரை ஏறவில்லை. கூட்ட நாட்களுக்குப் படி தனி. இந்த ஏற்பாட்டில் நிலைத்து நின்றவர் சார்லி கெரன். ஃபோர்ட் வொர்த்தில் ரெயில்ஹெட் ஸ்மோக்ஹவுஸ் என்ற பார்பிக்யூ உணவகம் அவருடையது. 2001-ல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குள் வந்தவர், இருபது ஆண்டு தாண்டியும் தொடர்ந்து ஜெயித்தார்.

பார்பிக்யூ கடை என்றால் முந்தின இரவே மாட்டிறைச்சியைப் புகையடுப்பில் ஏற்றியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக வேகும். தலைநகர் ஆஸ்டினோ சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. நாலரை மாதம் அங்கே இருக்க வேண்டுமானால் அடுப்பை நம்பி ஒப்படைக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கட்டுப்படியாகும் அளவுக்குக் கடையும் வளர்ந்திருக்க வேண்டும். தானே கல்லாவில் உட்காருகிற சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? போதாததற்கு, ஆளுநர் கூட்டும் சிறப்புக் கூட்டம் ஒவ்வொன்றும் 30 நாள் வரை நீளலாம். 2023-ல் மட்டும் நான்கு கூட்டினார்கள்.

கலிஃபோர்னியா 1966-ல் வாக்கெடுப்பு நடத்தி முழுநேரச் சட்டமன்றத்துக்கு மாறியது. இப்போது ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலருக்கு மேல். அங்கேயும் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடத்தான் வேண்டும். ஆனால் வீட்டுச் செலவுக்குக் கடையை நம்ப வேண்டாம். பள்ளி ஆசிரியரும் நர்ஸும்கூடத் துணிந்து போட்டியிடலாம்.

விசித்திரம் இன்னொன்று. பகுதிநேர டெக்சாஸில் பதவிக்காலத்துக்கு வரம்பே இல்லை. ஓய்வூதியமும் உண்டு, அந்த 600 டாலரை வைத்து அதைக் கணக்கிடுவதும் இல்லை. முழுநேரக் கலிஃபோர்னியாவில் 1990 வாக்கெடுப்பு புதிய உறுப்பினர்களுக்கான ஓய்வூதியத்தை எடுத்துவிட்டது; 2012 முதல் இரு அவைகளும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டுதான் பதவியில் இருக்கலாம். கெரன் அங்கே இருந்திருந்தால் எப்போதோ கடைக்குத் திரும்பியிருப்பார்.

சொந்த ஆதாயம் உள்ள மசோதா வந்தால் அதை வெளியே சொல்லி, வாக்களிக்காமல் விலக வேண்டும் என்கிறது டெக்சாஸ் அரசியலமைப்பு. நல்ல விதிதான். ஆனால் ஒரு தொழில் முழுவதையும் தொடும் மசோதாவில் எது சொந்த ஆதாயம் என்பதைப் பெரும்பாலும் உறுப்பினரே முடிவு செய்கிறார். வருமானத்துக்குக் கடையையே நம்பியிருப்பவரிடம் இந்த முடிவை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் என் ஓட்டு கலிஃபோர்னியாவின் சம்பளத்துக்கு. அதன் 12 ஆண்டு வரம்பு மட்டும் வேண்டாம். வேலை பிடிபட்டவரை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பதைத் தொகுதி மக்களே சொல்லட்டும்.