வயது வரிசையா, பகுதி ஒதுக்கீடா?

கொரோனா தடுப்பூசி வந்தபோது யாருக்கு முதலில் போடுவது என்பதில் இரண்டு வழிகள் தெரிந்தன.

பிரிட்டன் 2020 டிசம்பரில் முதியோர் இல்லங்கள், 80 வயதைத் தாண்டியவர்கள் என்று தொடங்கி, பெரும்பாலும் வயதுப்படி இறங்கி வந்தது. பிறந்த தேதி போதும், குழப்பமில்லை. சாவு அதிகம் வயதானவர்களிடம்தான் என்பதால் நியாயமும் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே கொரோனாவுக்குப் பலியானார்கள். அங்கே 75 வயது என்று கோடு போட்டால் அவர்களில் பலர் வெளியே நின்றுவிடுவார்கள்.

கலிஃபோர்னியா 2021 மார்ச்சில் 40 சதவீத டோஸ்களைப் பின்தங்கிய பகுதிகளுக்கு ஒதுக்கியது. எனக்கு இதுவே சரியான திசையாகப் படுகிறது. ஆனால் ஒதுக்கினால் மட்டும் போதாது. அதற்கு முந்தைய மாதம்தான் கறுப்பின, லத்தீன் மக்களுக்கென்று தந்த முன்பதிவுக் குறியீடுகள் கைமாறி, வசதியானவர்களிடம் போய்ச் சேர்ந்தன. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரால் நாள் முழுக்க இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். பண்ணையில் குனிந்து நிற்பவரால் முடியுமா? ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலியும் போச்சு.

முதியவர்களுக்கு வயது வரிசையே இருக்கட்டும், சரி. அதற்குள்ளேயே பகுதி ஒதுக்கீடும் வேண்டும். அப்புறம், முன்பதிவு கேட்காமல் வேலையிடத்துக்கே வரும் முகாம், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்.